பீஃபீட்டர்

லண்டன் டவர் கோட்டையின் காவலர்களுக்கு வழங்கும் பட்டப்பெயர். 'மாட்டிறைச்சி தின்னி' என்பது நேர்ப்பொருள். பதவிப் பெயர் யோமன் வார்டர்.

பாஸ்வொர்த் போரில் வென்று 1485இல் முடிசூடிய ஏழாம் ஹென்றி, தமக்கென ஒரு மெய்க்காவல் படையை ஏற்படுத்தினார். கோட்டைக் காவலர் அதன் கிளையினர். பொன்சரிகை இழைத்த சிவப்பு உடுப்பும் விறைத்த வெள்ளைக் கழுத்து மடிப்பும் இரு சாராருக்கும் பொது என்பதால், லண்டன்வாசிகளே ஒருவரை மற்றவராக எண்ணிவிடுவதுண்டு. மார்பின் குறுக்கே வார் இருந்தால் அவர் மெய்க்காவலர். முன்பு துப்பாக்கியைத் தாங்கிய வார் அது. கோட்டைக் காவலருக்கு அது கிடையாது. சுற்றுலாப் பயணிகள் அன்றாடம் காணும் கருநீல உடுப்பு 1858இல் வந்தது.

பெயருக்கு வருவோம். பிரெஞ்சில் உணவு மேசையைக் கவனிப்பவரைக் குறித்த 'பஃப்டியே' என்ற சொல்லின் திரிபு இது என்றொரு விளக்கம் நெடுங்காலம் உலவியது. கேட்கக் கௌரவமாக இருக்கிறது. ஆனால் அரச காவலரை யாரும் அப்படி அழைத்ததற்குச் சான்றில்லை. சொற்பிறப்பு ஆய்வாளர் வால்டர் ஸ்கீட் இதை ஏற்கவில்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பீஃபீட்டர்' என்பது எசமான் வீட்டில் தின்று கொழுத்த வேலையாளைக் குறித்த ஏளனச் சொல். அதற்கு வெகுகாலம் முன்பே, பழைய ஆங்கிலத்தில் ஒருவரை அண்டிப் பிழைத்தவன் 'ரொட்டி உண்பவன்'. 'லார்ட்' என்ற சொல்லோ 'ரொட்டி காப்பவன்' என்பதன் தேய்வு. செஞ்சோற்றுக்கடன் அறிந்த நமக்கு இந்த உறவு புரியாததல்ல.

ஏளனம் காவலர் தலையில் ஏறியதற்குக் காரணம் அவர்கள் தட்டுதான். மாட்டிறைச்சி ஏழைக்கு எட்டாத காலத்தில், அரண்மனைச் செலவில் அது அவர்களுக்கு நாள்தோறும் கிடைத்தது. 1669இல் இங்கிலாந்து சென்ற டஸ்கனி இளவரசர் கோசிமோ தெ மெடிச்சியின் பயணக் குறிப்பும் காரணத்தை அப்படித்தான் சொல்கிறது. அவர்களுக்குத் தினமும் பெரும்பங்கு மாட்டிறைச்சி அளக்கப்படுகிறதாம்.

அளவு எவ்வளவு என்பதற்கு 1813ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் பணியிலிருந்த 30 பேருக்கு ஒரு நாளைக்கு 24 பவுண்டு மாட்டிறைச்சி, 18 பவுண்டு ஆட்டிறைச்சி, 16 பவுண்டு கன்றிறைச்சி. பீர் தனி: 37 கேலன்.