பேறுகாலமும் மனசும்

"பிள்ளை பெத்தவளுக்கு ஜன்னி கண்டுடுச்சு" என்பது நம் பாட்டிமார் வழக்கு. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல், வலிப்பு, பிதற்றல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். காய்ச்சலும் பிதற்றலும் இல்லாமல், வீட்டு வேலையும் செய்துகொண்டு, குழந்தையைத் தொடப் பிடிக்காமல் அழுகிறவளுக்கு அதில் இடமில்லை. அவளுக்குச் சோம்பல், திமிர் என்று பெயர். இல்லையென்றால் காத்து கருப்பு. திருத்தணிப் பக்கம் தமிழிலும் தெலுங்கிலும் இதையே கேட்கலாம்.

1987இல் எடின்பரோவில் ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியோரும் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார்கள். கடந்த ஏழு நாட்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தீர்களா, தூங்க முடியாமல் தவித்தீர்களா என்று தாயிடமே கேட்கும் தாள் அது. உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ள நினைத்தாயா என்பது கடைசிக் கேள்வி. தமிழ் வடிவம் சரிபார்க்கப்பட்டு 2005இல் வெளியானது. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நாம் அறிந்த மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயுடன் தொடங்கியதும் அதே 1987இல்தான். அந்தத் தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சத்துணவும் இழந்த கூலியும் பெரிய விஷயங்கள். ஆனால் அந்த நீண்ட கணக்கில் எடை உண்டு, ரத்த அளவு உண்டு, தடுப்பூசி உண்டு. "எப்படியம்மா இருக்கிறாய்?" என்ற கேள்விக்கு ஒரு கட்டமும் இல்லை.

அந்தக் கேள்வியை நம் பக்கத்தில் முறையாகக் கேட்டவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள். கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்திலும், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் சந்தித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 சதவீதம். அதோடு சேர்ந்து வந்தவை எவை தெரியுமா? குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு ஆள் இல்லாதது. எனக்கு இது மருத்துவப் பட்டியலாகத் தெரியவில்லை, ஒரு குடும்பத்தின் வரைபடமாகத் தெரிகிறது. 'ஹார்மோன் கோளாறு' என்று சொல்லி வீட்டை விடுவிக்கிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும்.

பெற்றோரோடு பிணக்கு என்றால் தாய்வீடும் கைகொடுக்காது. பத்தியச் சோறு, எண்ணெய்க் குளியல், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு கை: தாய்வீடு என்ற ஏற்பாட்டின் மதிப்பு இதுதான். அதுவும் பெரும்பாலும் தலைப்பிரசவத்துக்கு மட்டும். திருத்தணியில் அதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்த ஊர், 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைப் போராட்டத்தை ம.பொ.சி. போன்ற தலைவர்களின் பெயரால் படிக்கிறோம். புகுந்த வீடு திருத்தணியிலும் பிறந்த வீடு நகரியிலுமாக, வயிற்றுப் பிள்ளையோடு அந்த எல்லையைக் கடப்பவள் பாடப்புத்தகத்தில் இல்லை. அவளுடைய கர்ப்பப் பதிவு ஒரு மாநிலத்தில், பிரசவம் இன்னொன்றில்.

பிரசவ அறையில் துணைக்கு ஆள் என்ற ஏற்பாட்டை அரசு மருத்துவமனைகளில் 2004லேயே கொண்டுவந்தது தமிழ்நாடு. நல்ல காரியம். வலியில் கிடப்பவளின் கையைப் பிடிக்க அம்மாவோ அக்காவோ இருக்கலாம். பெண்தான் வரவேண்டும் என்பது ஏற்பாடு. பொது அறையில் மற்றப் பெண்களின் மறைவு கருதி அது நியாயமும்கூட. ஆனால் திரைச்சீலை இருந்தால் தீரக்கூடிய சிக்கலை வைத்து அப்பன் வெளியே நிற்கப் பழகிவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் வெளியேதான் நிற்கிறான். துணையைத் தாயே தேர்ந்துகொள்ளட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது.

தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். 2017 திருத்தத்துக்குப் பின் மத்தியச் சட்டம் தருவது 26 வாரம், அதுவும் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களில். அம்மையார்குப்பத்தில் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. தூளி தறிக்குப் பக்கத்திலேயே தொங்கும். சுற்றிய தாருக்குத்தான் அவளுக்குக் கூலி.