விமானப் பராமரிப்புப் பொறியாளர் பயிற்சி (இந்தியா)

விமானத்தைப் பழுதுபார்க்கவும், அது பறக்கத் தகுதியானது என்று கையொப்பமிட்டுச் சான்றளிக்கவும் உரிமம் பெறுவதற்கான தொழிற்கல்வி. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இதை ஒழுங்குபடுத்துகிறது. உரிம விதிகள் சிஏஆர்-66 என்றும், பயிற்சி நிறுவனங்களுக்கான விதிகள் சிஏஆர்-147 என்றும் வழங்குகின்றன. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தோர் சேரலாம்.

உரிமப் பிரிவுகள்: 'ஏ' எளிய பராமரிப்புக்கும், 'பி1' இயந்திரம், உடற்பகுதி ஆகியவற்றுக்கும், 'பி2' மின்னணுக் கருவிகளுக்கும், 'சி' பெரும் பராமரிப்புக்குப் பிந்தைய ஒப்புதலுக்கும் உரியவை. ஒவ்வொரு தேர்வுத் தாளிலும் 75 விழுக்காடு மதிப்பெண் தேவை. பணி அனுபவமும் கட்டாயம். ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்குச் சான்றளிக்க, அந்த ரகத்துக்கான தனிப்பயிற்சியும் வேண்டும். ஏரோநாட்டிக்கல் பி.இ. பட்டம் மட்டும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது.

பயிற்சிப் பட்டறையில் போல்ட்டுகள் கழலாதபடி கம்பியால் முறுக்கிப் பூட்டுவது தொடக்கப் பாடங்களுள் ஒன்று. கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவில் இடம் வரைந்திருக்கும். ஓர் இடம் காலியாக இருந்தால், கருவி கிடைக்கும்வரை விமானம் விடுவிக்கப்படாது.

உற்பத்திப் பணிக்கு இந்த உரிமம் தேவையில்லை. பெங்களூரில் 1940இல் தொடங்கிய இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் போன்ற ஆலைகள் ஐடிஐ, டிப்ளமா படித்தோரைத் தொழில்பழகுநர்களாக எடுக்கின்றன. உலோகத் தகடு வேலை, ரிவெட் அடித்தல், கலப்புப் பொருள் வார்ப்பு, சிதைவிலாச் சோதனை ஆகியவை அங்கு மதிப்புள்ள திறன்கள்.