பார்னி வேடம் கட்டியவர்

1955 நவம்பர் 28 அன்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் யூனியன் தியேட்டரில் ‘சம்மர் ஆஃப் த செவன்டீன்த் டால்’ அரங்கேறியது. எழுதியவர் ரே லாலர். மேடையில் பார்னியாக நடித்தவரும் அவரே. சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போய், பின்னர் நாடகத்துக்கு வந்தவர். ஆஸ்திரேலியரின் அன்றாடப் பேச்சை மேடையேற்றியதே அவர் சாதனை என்பார்கள். அது பாதி உண்மைதான். நடிகராக அவர் கற்ற தொழில்தான் அந்த நாடகத்தை நிமிர்த்தியது.

பேச்சுமொழி மட்டும் போதுமென்றால், 1948-இலேயே சம்னர் லாக் எலியட் ‘ரஸ்டி பியூகிள்ஸ்’ நாடகத்தில் சிப்பாய்களை அப்படிப் பேசவைத்து, அரசின் தடையையும் சந்தித்துவிட்டார். லாலர் அதற்கும் மேலே போனார். அவர் நாடகத்தில் ரூவும் பார்னியும் குவீன்ஸ்லாந்தில் ஏழு மாதம் கரும்பு வெட்டி, மீதி ஐந்து மாதத்தை மெல்போர்னில் காதலிகளோடு கழிப்பவர்கள். ஒவ்வோர் ஆண்டும் ரூ, தன் காதலி ஆலிவுக்கு ஒரு பொம்மை கொண்டுவருவான். பதினேழாம் ஆண்டில் அவன் உடல் தளர்ந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்வோம் என்கிறான். அவள் கொதித்தெழுந்து மறுக்கிறாள். இளமை போய்விட்டது என்று அவன் பிரசங்கம் செய்வதில்லை. பொம்மையை அடித்து நொறுக்குகிறான். வசனம் எங்கே நின்று உடல் எங்கே பேச வேண்டும் என்பது மேடையில் நின்று பழகியவருக்குத்தான் பிடிபடும்.

எல்லாம் வாய்ப்பு என்று சிலர் சொல்லலாம். இயக்குநர் ஜான் சம்னர் துணை நின்றார்; 1954-இல் பிறந்த எலிசபெதன் தியேட்டர் டிரஸ்ட் கைகொடுத்தது; லாரன்ஸ் ஆலிவியர் 1957-இல் நாடகத்தை லண்டனுக்குக் கொண்டுசென்றார். இவை கதவைத் திறந்தன, மறுக்கவில்லை. ஆனால் 1959-இல் வந்த திரைப்படத்துக்கு இதைவிடப் பெரிய வசதிகள் இருந்தன. எர்னஸ்ட் போர்க்னைன், ஆன் பாக்ஸ்டர் நடித்தார்கள். பார்னி வேடம் ஆங்கில நடிகர் ஜான் மில்ஸுக்குப் போனது. கதையைச் சிட்னிக்கு மாற்றி, காதலர்களை முடிவில் சேர்த்தும் வைத்தார்கள். சேர்த்துவைத்ததும் பொம்மை உடைந்ததற்குப் பொருளே இல்லாமல் போயிற்று. வசதிகள் கூடியும் நாடகத்தின் வலி திரையில் கூடவில்லை. வாய்ப்பு மட்டும் ஒரு படைப்பைத் தாங்காது என்பதற்கு இது போதும்.

அதே மனிதர்களின் முந்தைய ஆண்டுகளை எழுத லாலர் 1970-களில் மீண்டும் அமர்ந்து, ‘கிட் ஸ்டேக்ஸ்’, ‘அதர் டைம்ஸ்’ என இரண்டு நாடகங்களைத் தந்தார். ஒரு நாட்டின் நாடகம் எழுந்து நிற்க வேண்டுமானால், நடிகர்கள் எழுதவும் எழுதியதை உடனே ஆடிப்பார்க்கவும் இடம் வேண்டும். லாலரைத் தந்தது அப்படியொரு மேடைதான்.