சிகிச்சைக்குப் பின் மூன்று வாரம்

1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரீட்ரிஷுக்குக் குரல் கம்மியது. ஜலதோஷம் என்று விட்டுவிட முடியவில்லை, வாரக்கணக்கில் நீடித்தது. பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட் தொண்டையைப் பரிசோதித்தபோது குரல்நாணில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. மின்சாரத்தால் சிவக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு அதைப் பலமுறை சுட்டார். பிறகு ஏப்ரலில் இளவரசரை லான் ஆற்றங்கரையிலுள்ள பாட் எம்ஸ் நகருக்கு அனுப்பினார்கள். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் அது. ஊற்றுநீரும் ஓய்வும் சேர்ந்தால் தொண்டை ஆறிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். மே மாதம் அவர் திரும்பி வந்தபோது கட்டி மறுபடி வளர்ந்திருந்தது.

அறுவை மருத்துவர் பெர்க்மன் கழுத்தைத் திறந்து கட்டியை அகற்றிவிடலாம் என்றார். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சியோ, முதலில் சதைத் துணுக்கைச் சோதிக்க வேண்டும் என்றார். சோதித்தவர் அந்தக் காலத்தின் மாபெரும் நோய்க்கூறியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோவ். துணுக்கில் புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் அவருக்குத் தென்படவில்லை. அறுவை நின்றது; பயணங்கள் தொடங்கின. ஜூனில் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஊர்வலத்தில் இளவரசர் குதிரையேறிச் சென்றார். பிறகு ஸ்காட்லாந்து, டிரோல் மலைகள், வெனிஸ், கடைசியில் இத்தாலியக் கடலோரத்து சான் ரெமோ. அங்கேதான் நோய் புற்றுநோயே என்று மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயில் துளையிட்டார்கள். அதன்பின் அவரால் பேச முடியவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். மார்ச் 9 அன்று பேரரசரானார். 99 நாள் மட்டுமே ஆண்டு, ஜூன் 15 அன்று இறந்தார்.

ஐரோப்பாவின் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும், ஓர் அரச குடும்பத்தால் புற்றுநோயாளிக்குத் தர முடிந்தது இடமாற்றமும் நல்ல காற்றும்தான். சிகிச்சை இருக்க வேண்டிய இடத்தில் அன்று பயணம் இருந்தது. சிகிச்சை முடிந்த பிறகு போகும் பயணமாக அது மாறவும், அரச குடும்பத்துக்கு வாய்த்தது ஆலைத் தொழிலாளிக்கும் கிடைக்கவும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

அந்த மாற்றத்துக்கு முதல் கல்லை நாட்டியவரும் ஊற்றுநீர் நகரங்களை விரும்பியவர்தான். தலைமையமைச்சர் பிஸ்மார்க் 1874 முதல் 1893 வரை பாட் கிஸ்ஸிங்கன் நகருக்கு 15 முறை போனார். முதல் முறை போனபோதே ஓர் இளைஞன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். கையில் காயத்தோடு தப்பினார். அதன் பிறகும் அந்த ஊருக்குப் போவதை அவர் விடவில்லை. அவர் பதவியில் இருந்தபோது, 1889 ஜூனில், உழைக்கும் திறன் இழந்தவர்களுக்கும் முதியவர்களுக்குமான காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1891இல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்குப் பாதி சந்தா கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக ஓர் அட்டையில் வாராவாரம் முத்திரை ஒட்டப்படும்.

முதியோர் ஓய்வூதியத்துக்கான வயது 70 என்பதால், அதைக் கண்டவர்கள் குறைவு. உழைக்க முடியாமல் போனவர்களுக்கான உதவித்தொகைதான் காப்பீட்டு நிறுவனங்களை அழுத்தியது. இளம் வயதிலேயே காசநோயால் படுக்கையில் விழுந்த தொழிலாளிகள் ஏராளம். ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்தாலும் அதைக் கொல்லும் மருந்து கிடையாது. மலைக்காற்று, நிறைந்த சாப்பாடு, திறந்த தாழ்வாரத்தில் மணிக்கணக்காகப் படுத்திருப்பது, இவையே சிகிச்சை. சைலீசியாவின் கோர்பர்ஸ்டோர்ஃபில் ஹெர்மன் பிரேமர் தொடங்கிய முறை அது. அவரிடம் நோயாளியாகப் போய் அவருக்கே உதவி மருத்துவராக ஆன பேட்டர் டெட்வைலர் ஃபால்கன்ஷ்டைனில் அதை மேலும் ஒழுங்குபடுத்தினார். ஆனால் அங்கெல்லாம் போகக் கையில் காசு வேண்டும்.

காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன. ஆயுள் முழுக்க உதவித்தொகை தருவதைவிட, சில மாதம் ஓய்வு தந்து ஆளைத் தேற்றி வேலைக்கு அனுப்புவது மலிவு. பெர்லின் நிறுவனம் நகருக்குத் தென்மேற்கே, பேலிட்ஸ் பைன் காட்டுக்குள், 1898இல் கட்டுமானத்தைத் தொடங்கியது. 1902இல் முதல் நோயாளிகள் வந்தார்கள். ரயில் பாதைக்கு வடக்கே காசநோயாளிகள், தெற்கே தொற்றாத நோய்க்காரர்கள். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். 600 படுக்கைகளோடு தொடங்கிய இடம் சில ஆண்டுகளிலேயே 1,200 படுக்கைகளாக விரிந்தது. பெர்லினின் இருண்ட உள்முற்றக் குடியிருப்பில் ஒரே அறையில் குடும்பத்தோடு வாழ்ந்த தையல்காரிக்கும் கொல்லனுக்கும் தனிக் கட்டில், வேளைக்குச் சாப்பாடு, மரங்களுக்கு நடுவே நாற்காலி. நிறுவனத்தின் நோக்கம் கணக்குதான் என்றாலும், போனவர்கள் பெற்றது கணக்கில் அடங்காதது.

இந்த வரலாற்றில் இருட்டும் உண்டு. 1930களில் நாஜி ஆட்சி ஊற்றுநீர் நகரங்களிலிருந்து யூதர்களை ஒதுக்கியது. பரம்பரையாக அங்கே விடுதி நடத்தியவர்களும் மருத்துவம் பார்த்தவர்களும் விரட்டப்பட்டார்கள். உடல் தேற ஒரு மனிதருக்கு உரிமை உண்டா என்பதை அவர் பிறப்பு தீர்மானித்த காலம் அது.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி 1957இல் ஓய்வூதியத்தைச் சீரமைத்தபோது பழைய கணக்கு கொள்கையாகவே மாறியது: ஒருவரை உழைக்க இயலாதவர் என்று முத்திரை குத்துமுன் அவர் உடல் தேற வாய்ப்பு தர வேண்டும். காசநோய்க்கு மருந்து வந்துவிட்டதால் மலையோர இல்லங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அதே ஆண்டுகளில் அறுவையும் கதிர்வீச்சும் புதிய மருந்துகளும் முன்பு இல்லாத ஒரு மனிதக் கூட்டத்தை உருவாக்கின. புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, வீடு திரும்பியவர்கள் அவர்கள். கட்டி போயிருக்கும். கை தூக்க வராது. வயிற்றில் மலப்பை தொங்கும். அடுத்த ஸ்கேன் வரை தூக்கம் வராது. அண்டை வீட்டார் அந்த நோயின் பெயரைச் சொல்லவே தயங்குவார்கள்.

அந்தத் தயக்கத்தை உடைத்ததில் பெரும் பங்கு மில்ட்ரெட் ஷீலுக்கு உண்டு. குடியரசுத் தலைவர் வால்டர் ஷீலின் மனைவி, தானே மருத்துவர். 1974இல் ஜெர்மன் புற்றுநோய் உதவி அமைப்பைத் தொடங்கித் தொலைக்காட்சியிலும் மேடைகளிலும் நோயைப் பெயர் சொல்லியே பேசினார். 1985இல் அவரும் புற்றுநோய்க்கே பலியானார். 1976இல் மான்ஹைம் நகரில் நோய் கண்ட பெண்களே சேர்ந்து சுய உதவிக் குழு அமைத்தார்கள். சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கை வெளிப்படையாகப் பேசப்பட்டது.

சட்டமும் இங்கே தன் பழைய கணக்கைத் தாண்டியது. மற்ற நோய்களுக்கு ஓய்வூதியக் காப்பீடு தரும் மறுவாழ்வுச் சிகிச்சை, ஆளை வேலைக்குத் திருப்பி அனுப்புவதற்கானது. புற்றுநோய்க்கு மட்டும், ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் காப்பீட்டாளரின் துணைவருக்கும் அது உண்டு. இனி ஒரு நாளும் சம்பாதிக்கப் போகாத எழுபது வயதுப் பாட்டிக்கு மூன்று வாரம் கடற்கரையில் தங்க ஒரு காப்பீட்டு நிறுவனம் பணம் தருகிறது. பேலிட்ஸைக் கட்டியவர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த மூன்று வாரமும் வெறும் ஓய்வாகப் போவதில்லை. காலையில் உடற்பயிற்சி, பிறகு நிணநீர் வீக்கத்துக்கு மென்மையான கைநீவல், உணவு ஆலோசனை, மனநல ஆலோசகரோடு உரையாடல், வேலைக்குத் திரும்புவது பற்றிய பேச்சு. சாயங்காலம் சும்மா நடக்கலாம். முன்பு அசையாமல் கிட என்றவர்கள் இப்போது அசையாமல் இருக்காதே என்கிறார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவ வல்லுநர் கழகம் 2010இல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சொன்ன அறிவுரையின் சாரமும் அதுவே. வீட்டை விட்டுக் கிளம்பப் பயப்படுகிறவருக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய தைரியம் ஒன்று உண்டு. இரவில் காய்ச்சல் வந்தால் தாழ்வாரத்து முனையில் மருத்துவர் இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவருக்கும் கீமோவில் முடி கொட்டியிருக்கிறது. தொப்பியைக் கழற்ற வெட்கமில்லை.

குழந்தைக்கு நோய் வந்தால் குடும்பமே போகலாம். பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் 1997இல் திறந்த டான்ஹைம் இல்லத்தில் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் நான்கு வாரம் சேர்ந்து தங்குகிறார்கள். நோயாளித் தம்பிக்காக மாதக்கணக்கில் ஓரமாக நின்ற அக்காவுக்கும் அங்கே தனியாக நேரம் ஒதுக்கப்படுகிறது. ஹைடெல்பெர்க் காட்டில் 2003 முதல் நடக்கும் முகாமில் புற்றுநோயிலிருந்து மீண்ட சிறுவர்கள் கயிறு பிடித்து மரம் ஏறுகிறார்கள்.

இதை அரசுக் காசில் உல்லாசம் என்று சொன்னவர்களும் உண்டு. 1996இல் செலவைக் குறைக்கும் சட்டம் வந்தபோது நான்கு வாரமாக இருந்த மறுவாழ்வுக் காலம் மூன்றாகச் சுருங்கியது. நோயாளி கட்ட வேண்டிய பங்கு கூடியது. அடுத்த ஆண்டு பல இல்லங்களில் ஆள் குறைந்து, சில மூடப்பட்டன. உல்லாசம் என்ற அந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது. ஆறு மாதம் ஊசியும் வாந்தியுமாக இருந்தவர் கடலைப் பார்த்து மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியும் குணமாவதில் சேர்த்திதான். ஊழியர் இதற்காக எடுக்கும் நாட்களை ஆண்டு விடுப்பில் கழிக்கக் கூடாது என்ற விதி இருப்பது நல்லது; உடல் முழுதும் தேறியபின் குடும்பத்தோடு போகும் சுற்றுலாவுக்கு அந்த விடுப்பு அப்படியே மிச்சமிருக்கும்.

இன்று ஜெர்மனியில் மருத்துவமனையின் சமூகப் பணியாளரே நோயாளியோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புகிறார். கடலா மலையா என்று விருப்பத்தை எழுதலாம். பெரியவர்கள் நாளொன்றுக்குக் கட்ட வேண்டியது 10 யூரோ. வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கு. வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தவும் உதவி கிடைக்கும். மருத்துவமனையிலிருந்து வந்த கையோடு, இரண்டு வாரத்துக்குள் கிளம்பிவிடலாம். இப்போது மனம் துணியவில்லை, இன்னும் ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டுப் போகிறேன் என்பவருக்கும் கதவு மூடுவதில்லை. பொதுவாக, முதன்மைச் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம்.