சூரமங்கலத்தில் உச்சி எத்தனை மணிக்கு?

பன்னிரண்டுக்கு என்பீர்கள். இல்லை. எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.17-க்கு. ரயில்வேயில் காலம் தள்ளியவன் நான். நிமிடக் கணக்கில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

ரயிலுக்கு முன்னால் சேலத்துக்குச் சொந்தப் பொழுது இருந்தது. நிழல் குறுகினால் உச்சிக்கால பூசை. கணக்கு நாழிகையில், நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். பக்கத்து ஊர் உச்சி சற்று முன்பின் இருந்தால் யாருக்கு நஷ்டம்? மாட்டு வண்டிக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

1861-இல் மெட்ராஸ் ரயில் சேலம் வந்தது. நிலையம் நகரத்தை விட்டு விலகி, இந்தச் சூரமங்கலத்தில். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வண்டி விடுகிறவனுக்கு ஊருக்கொரு நேரம் என்பது உயிர் போகிற விஷயம். எந்த நிலையத்தில் எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதையே கடிகாரம்தான் சொல்ல வேண்டும். அதனால் மெட்ராஸ் நேரம் தண்டவாளத்தோடு ஊர் ஊராகப் போனது. அதைக் கணித்தது 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக் கூடம். அதன் கருங்கல் தூண் அங்கே வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. சென்னைக்காரர்கள் பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெட்ராஸில் நடுப்பகல் என்றால் இங்கே 11.52தான். ஆக, நிலையக் கடிகாரப்படி நம் உச்சி 12.08 ஆயிற்று. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் வந்து இன்னும் 9 நிமிடம் கூட்டியது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் சொந்த நேரத்தை விடவில்லை. உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அப்போது சூரமங்கலத்து உச்சி 1.17!

இதைச் சொன்னால், "பார்த்தீர்களா, உண்மை அவரவர்க்குத் தகுந்தபடிதான்" என்பார் சிலர். எனக்கு அது ஒப்பாது. ஊருக்கு ஊர் மாறியதே தவிர ஆளுக்கு ஆள் மாறவில்லை. மிட்டாதார் நிழலும் மூட்டை தூக்குகிறவர் நிழலும் ஒரே கணத்தில்தான் குறுகின. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். மெட்ராஸுக்கும் நமக்கும் இரண்டு பாகைக்குச் சற்று மேல். அந்த எட்டை எந்தக் கலெக்டராலும் ஏழாக்க முடியாது. எந்த ஊர் நேரத்தை எல்லோரும் வைத்துக்கொள்வது என்பதுதான் அதிகாரத்தின் கையில் இருந்தது.

சந்தேகம் இருந்தால் முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். நிழல் மிகக் குறுகுவது பிப்ரவரி நடுவில் 12.31-க்கு, நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கு. பூமி சாய்ந்து, நீள்வட்டத்தில் ஓடுவதால் அந்த வித்தியாசம். ராகு காலம் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: திங்கட்கிழமை 7.30 என்று காலண்டரில் போட்டிருப்பது 6 மணிக்கு உதயம் என்று வைத்த கணக்கு. ஜனவரிக் கடைசியில் இங்கே சூரியன் எட்டிப் பார்க்கவே 6.40 ஆகிவிடும். பார்ப்பதானால் அன்றைய உதயத்தைக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.