அந்த இரண்டு பாகை எங்கிருந்து வந்தது?

எங்கட வகுப்புத் தோழி ஒருத்தி பல்லுக்குக் கம்பி போடப் போனவள். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்றேயோட வந்து, "கீழ்த்தாடை பின்னுக்கு நிக்குதாம். ஏழு பாகையாம், இரண்டுதான் சரியாம்" எண்டாள். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னாள். ஆனா அதுக்குப் பிறகு போட்டோ எடுக்கேக்க அவள் பக்கவாட்டில் திரும்பவே இல்லை. அந்த 'இரண்டு' எங்கிருந்து வந்தது எண்டு நாங்கள் தேடத் தொடங்கினது அப்பதான்.

முகத்துக்குக் கோணம் பார்க்கும் பழக்கம் பழையது. ஒல்லாந்து மருத்துவர் பெட்ருஸ் காம்பர் இறந்த பிறகு, 1791இல் வெளிவந்த அவருடைய நூல், கிரேக்கச் சிலைக்கு 100 பாகை, ஐரோப்பியருக்கு 80, ஆபிரிக்கருக்கு 70 என்று வரிசைப்படுத்தியது. அவர் ஓவியர்களுக்காக எழுதினார். பின்வந்தவர்கள் அதையே இனங்களை அடுக்கும் ஏணியாக்கினார்கள்.

1899இல் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் பல்வரிசைக் குறைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். அவர் பார்த்தது கடைவாய்ப் பற்களின் பொருத்தத்தை. தாடை எலும்பை அளக்க அப்போது வழியில்லை. அழகிய முகத்துக்கு அவரும் ஒரு சிலையைத்தான் காட்டினார்: அப்பலோ.

1931இல் வழி பிறந்தது. தலையை அசையாமல் நிறுத்தி, குறித்த தூரத்திலிருந்து எக்ஸ்றே எடுக்கும் முறையை அமெரிக்காவில் புரோட்பென்டும் ஜேர்மனியில் ஹொஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டார்கள். 1948இல் டவுன்ஸ் இயல்பான முகத்தின் அளவுகளைத் தந்தார். எத்தனை பேரை அளந்து? 12 முதல் 17 வயது வரையான 20 வெள்ளையரை!

அடுத்து ரீடல் (1952), ஸ்டைனர் (1953). மூக்கெலும்பு நெற்றியைத் தொடும் புள்ளியிலிருந்து மேல்தாடைக்கு ஒரு கோடு, கீழ்த்தாடைக்கு ஒரு கோடு. இடையிலுள்ள கோணம்தான் ஏ.என்.பி. அது இரண்டு பாகையளவில் இருக்கவேணும் என்றார் ஸ்டைனர். எங்கட தோழியின் 'இரண்டு' இதுதான்.

1975இல் தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஜேக்கப்சன் ஒரு சிக்கலை எடுத்துக் காட்டினார். மூக்கடிப் புள்ளி கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ இருந்தால், தாடைகள் மாறாமலே கோணம் மாறிவிடும். ஆகவே மேல், கீழ்ப் பற்கள் சந்திக்கும் தளத்துக்கு இரு தாடைகளிலிருந்தும் செங்குத்துக் கோடு இறக்கி, இடைத்தூரத்தை மில்லிமீற்றரில் அளந்தார். பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயரே அந்த முறைக்கும் ஆனது: 'விற்ஸ்'. அந்தத் தளத்தைக் கீறுவதிலும் பிழை வரும் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். ஜப்பானியரையும் சீனரையும் கறுப்பின அமெரிக்கரையும் தனியே அளந்தபோது சராசரிகளும் வேறாக வந்தன.

அளவே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவரேல்லை. பல்லை நகர்த்தினால் போதுமா, தாடையைத் திருத்தவேணுமா என்று வைத்தியர் முடிவெடுக்க அது தேவை. ஆனா அந்த எண் யாரோ சிலரின் முகத்திலிருந்து எடுத்த சராசரி. தோழிக்கு இதைச் சொன்னோம். "அப்ப நான் பிழையில்லை, என்ன?" எண்டாள். ஓம், பிழையில்லை.