ஏடும் தகடும்: இல்லங்கள் காத்த கலைச்செல்வம்

நூல்களும் கலைப்படைப்புகளும் காலத்தைக் கடந்து வாழ்வதற்கு அரசும் மடமும் நூலகமும் மட்டுமே காரணம் எனக் கருதுதல் முழுவுண்மை ஆகாது. பெயர் அறியப்படாத குடும்பங்களின் பரண்களுக்கும் அதில் பங்குண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது அவருக்குத் துணைநின்ற ஏடுகளுள் பல, தனியார் இல்லங்களிலிருந்து கிடைத்தவையே. திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் குறுந்தகடுகளாக இல்லத்தில் தொகுத்து வைக்கும் வழக்கத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர், அவ்வேட்டு வரலாற்றோடு இதனை இணைத்து எண்ணிப் பார்த்தல் நலம்.

ஓலைக்குச் செல் பகை. படச்சுருளுக்கும் ஒளிநாடாவுக்கும் அலட்சியமே பகை. தமிழின் முதற் பேசும்படம் எனக் குறிக்கப்பெறும் 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. இன்று நாம் காண்பதற்கு அதன் ஒரு படியும் எஞ்சவில்லை. செல்வமும் அமைப்பும் மிக்க நிறுவனங்களும் இவ்வகை இழப்பிற்கு விலக்கல்ல. பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியற் புனைவுத் தொடரைத் தொடங்கிற்று. அந்நாளில் ஒளிநாடா விலைமிகுந்த பொருள். மறு ஒளிபரப்பிற்கு நடிகர் ஒப்பந்தங்கள் எளிதில் இடந்தரவில்லை. ஆதலின் அறுபதுகளில் ஒளிபரப்பான பகுதிகள் பல அழிக்கப்பட்டு, அந்நாடாக்களிலேயே வேறு நிகழ்ச்சிகள் பதியப்பெற்றன.

காட்சி அழிந்தது, ஒலி எஞ்சியது. தொலைக்காட்சியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தமக்கெனப் பதிந்துகொண்ட இளம் நேயர்களே அதற்குக் காரணர். காட்சி இழந்த பகுதிகள் அனைத்திற்கும் ஒலிவடிவம் இன்று கிடைப்பது அவர்தம் இல்லப் பதிவுகளால்தான். 1968இல் ஒளிபரப்பான எட்டுப் பகுதிக் கதையொன்றில் இரு பகுதிகள் காணாமற் போயிருந்தன. அவ்வொலியைக் கொண்டு அசைவோவியம் வரைந்து நிரப்பி, 2006இல் முழுக்கதையையும் டிவிடியாக வெளியிட்டனர். வெளிநாட்டு ஒளிபரப்பிற்காக அனுப்பப்பட்ட படச்சுருள்களுள் காணாமற் போயிருந்த ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2013இல் வெளியாயிற்று. அவையும் தகடேறி இல்லங்களை அடைந்தன. இல்லத்திலிருந்து சென்ற ஒலி, தகடாகி இல்லத்திற்கே மீண்டது எனலாம்.

தகட்டின் வரலாறு நெடியதன்று. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் லேசர் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. 1993இல் விசிடி, 1996இல் ஜப்பானில் டிவிடி, 2006இல் புளூரே என அது வளர்ந்தது. விசிடி ஒன்று ஏறத்தாழ 74 நிமிடமே கொள்ளும். நம் படங்களை இரண்டு மூன்று தகடுகளாக மாற்றி மாற்றிப் பார்த்த காலத்தை நம்முள் பலர் அறிவர். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் உரிமை பெற்ற இந்திய மொழிப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்றபோது, எளிய குடும்பமும் ஒரு திரைநூலகம் அமைத்தல் கூடுவதாயிற்று. அந்நிறுவனம் பின்னர் நொடித்தது. அது விற்ற தகடுகளோ இன்றும் பல வீட்டு அலமாரிகளில் உள்ளன.

இணையவழித் திரைச்சேவைகள் வந்தபின் தகடு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. அங்கே நாம் செலுத்தும் கட்டணம் பார்வைக்கு உரியது, உடைமைக்கு உரியதன்று. எச்.பி.ஓ. தான் தயாரித்த 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரையே 2022 டிசம்பரில் தன் இணையச் சேவையிலிருந்து நீக்கிற்று. அதனைத் தகடாக வாங்கி வைத்திருந்தோருக்கு இழப்பேதும் இல்லை. விற்றவர் மனம் மாறினும் வாங்கியவர் வீட்டிலிருந்து மீட்டுக்கொள்ள இயலாமை ஏட்டிற்கும் தகட்டிற்கும் உரிய பொதுப்பண்பு.

எனினும் தகடும் அழியாப் பொருளன்று. ஆலையில் அச்சிடப்பெற்றதில் செய்தி நுண்குழிகளாகப் பதிந்துள்ளது. வீட்டுக் கணினியில் எழுதப்பெற்றது ஒருவகைச் சாயத்தை நம்பியுள்ளது. சாயம் ஒளியிலும் வெப்பத்திலும் மங்கும். ஆகவே தகடுகளை வெயில்படாத, ஈரமற்ற இடத்தில், நூல்களைப் போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெளிநாட்டுத் தகடு வாங்குவோர் மண்டலக் குறியீட்டையும் நோக்குதல் வேண்டும். டிவிடியில் இந்தியா ஐந்தாம் மண்டலத்தைச் சார்ந்தது.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் உறுப்பினர்க்கு ஒரு விண்ணப்பம். தத்தம் இல்லத்திலுள்ள பழைய தமிழ்ப் படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், எழுத்தாளர் பற்றிய ஆவணப்படங்கள் ஆகியவற்றின் தகடுகளைப் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன், தலைப்பு, ஆண்டு, வெளியிட்டோர், தகட்டின் நிலை என நான்கு குறிப்புகளையேனும் எழுதி வட்டத்திடம் அளித்தல் வேண்டும். ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் ஒருவர். தேடி வருவோர் நாளையும் இருப்பர்; அவர்க்குக் காட்ட நம்மிடம் பொருள் இருத்தல் வேண்டும்.